எக்ஸ்பி பெட்டியில் வெளி டிஸ்க்: தெரியாததும், கழற்ற விடாததும்

கேள்வி இதுதான். இளம்பிள்ளையில் சேலை டிசைன் போட்டு ஜக்கார்டு அட்டை (தறியில் டிசைன் விழ வைக்கும் துளை அட்டை) அடித்துக் கொடுக்கும் கடை. டிசைன் மென்பொருளின் பூட்டு பழைய பிரிண்டர் போர்ட்டில்தான் செருகும் என்பதால், விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 ஓடும் பெட்டியை விட வழியில்லை. புதிதாக வாங்கிய 4 டிபி வெளி டிஸ்க் லேப்டாப்பில் திறக்கிறது. எக்ஸ்பியில் 'டிங்' என்று சத்தம் மட்டும் வருகிறது, மை கம்ப்யூட்டரில் ஆளைக் காணோம். பழைய 500 ஜிபி டிஸ்க் தெரிகிறது, ஆனால் கழற்றப் போனால் 'ஜெனரிக் வால்யூம்' இப்போது நிறுத்த முடியாது என்கிறது. அவசரத்தில் உருவியதில் 11 டிசைன் கெட்டுப்போனது. இதற்கு நடுவே நண்பர் ஒருவர், பெட்டிக்குள் சாட்டா ராக் (சாட்டா டிஸ்கைச் செருகி உருவும் தட்டு) வைத்தால் மெஷின் ஓடும்போதே டிஸ்க் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். என்ன செய்வது?

தம்பி, முதலில் ஒன்று. அந்த 500 ஜிபி டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். அதில் இனி ஒரு ஃபைலும் எழுத வேண்டாம், எந்த மெஷினில் செருகினாலும் "ஸ்கேன் செய்து சரிசெய்யட்டுமா" என்று கேட்டால் சரி என்று அழுத்தவும் வேண்டாம். போன 11 டிசைன் இன்னும் அதற்குள் கிடக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதை எப்படி எடுப்பது என்று கீழே சொல்கிறேன். முதலில் 4 டிபி சங்கதி.

'டிங்' சத்தம் வருகிறது என்றால் பாதி வேலை முடிந்தது. யூஎஸ்பி வழியாக ஏதோ வந்திருக்கிறது என்று எக்ஸ்பிக்குத் தெரிந்துவிட்டது, டிரைவரும் ஏறிவிட்டது. ஆகவே டிரைவர் சிடி தேடி அலைய வேண்டாம், எக்ஸ்பியைத் திரும்பப் போடவும் வேண்டாம். மை கம்ப்யூட்டர் மேல் வலது கிளிக், மேனேஜ், அதில் டிஸ்க் மேனேஜ்மென்ட். டிஸ்க் செருகியிருக்கும்போதே அங்கே போய்ப் பாருங்கள். வெளி டிஸ்க் விவகாரத்தில் மை கம்ப்யூட்டர் வாசல் திண்ணை மாதிரி. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அது சொல்லாது. டிஸ்க் மேனேஜ்மென்ட்தான் உள்வீடு.

அங்கே 'ஜிபிடி ப்ரொடெக்டிவ் பார்ட்டிஷன்' என்று ஒரே நீளப் பட்டையாகத் தெரியும் என்று நினைக்கிறேன். வலது கிளிக் செய்தால் உருப்படியாக எதுவும் வராது. டிஸ்க் கெட்டுவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரு டிஸ்கில் எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற கணக்கை எழுதி வைக்க இரண்டு முறை உண்டு. பழைய முறை எம்பிஆர், புதிய முறை ஜிபிடி. எம்பிஆர் அந்தக் கணக்கை 32 பிட் எண்ணில் எழுதுகிறது. டிஸ்கின் சின்னக் கட்டமான ஒரு செக்டர் 512 பைட் என்றால், 32 பிட்டில் எழுதக்கூடிய கடைசி எண் வரை போனாலும் 2 டிபிதான் வரும்; கடைக்காரர் கணக்கில் 2.2 டிபி. அதற்கு மேல் உள்ள இடத்தை எம்பிஆரால் சொல்லவே முடியாது. அதனால் 4 டிபி டிஸ்க் பொதுவாக ஜிபிடியாகத்தான் வரும். 32 பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடியைப் படிக்கத் தெரியாது. ஜிபிடி டிஸ்கின் முதல் செக்டரில் பழைய மெஷின்களுக்காக ஒரு போலி எம்பிஆர் இருக்கும்: 'இது காலி இடம் இல்லை, கைவைக்காதே' என்று ஒரு பலகை. உங்கள் எக்ஸ்பி அந்தப் பலகையைத்தான் படித்துக் காட்டுகிறது.

இதற்கு எக்ஸ்பி பக்கம் மருந்து இல்லை. சர்வீஸ் பேக் 3 போட்டாலும் இது மாறாது. எக்ஸ்பியில் 64 பிட் பதிப்பு ஒன்று உண்டு, அது ஜிபிடி படிக்கும். ஆனால் உங்கள் பூட்டுக்கான டிரைவர் அதில் ஓடுமா என்று பரிசோதித்துப் பார்க்கும் நிலையில் நீங்கள் இல்லை.

சிலர் சொல்வார்கள், "அந்த டிஸ்கை எம்பிஆரா மாத்திடுங்க, 2 டிபி வரைக்கும் ஓடும், மிச்சம் போனா போகட்டும்" என்று. நான் செய்ய மாட்டேன். பழைய சிப், பழைய டிரைவர் உள்ள சில மெஷின்களில் 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க் தலைசுற்றிப் போகும். 3 டிபி டிஸ்க் 746 ஜிபி என்று தெரிந்தால் அதுதான் அறிகுறி: எண் 32 பிட்டைத் தாண்டியதும் கிலோமீட்டர் முள் மாதிரி சுற்றி மறுபடி பூஜ்யத்தில் இருந்து எண்ண ஆரம்பித்துவிடுகிறது. அந்த நிலையில் எழுதினால் எழுத்து எங்கே போய் விழும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இன்னொரு வகையும் உண்டு. சில வெளி டிஸ்க் பெட்டிகள் செக்டரை 4096 பைட் என்று வெளியே காட்டும். அப்போது எம்பிஆரிலேயே 2 டிபிக்கு மேல் போகலாம், எக்ஸ்பியிலும் தெரியும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டியின் சர்க்யூட் போர்டு ஒருநாள் புகைந்தால், உள்ளே இருக்கும் டிஸ்கை எடுத்து வேறு பெட்டியில் போட்டால் கணக்கு ஒத்துப்போகாது, ஒன்றும் தெரியாது. டிசைன் சொத்தை அப்படிப் பூட்டி வைக்க வேண்டாம்.

என் யோசனை: 4 டிபி டிஸ்க் லேப்டாப்போடு இருக்கட்டும், அதுதான் களஞ்சியம். எக்ஸ்பிக்கும் லேப்டாப்புக்கும் நடுவே போய்வர 1 டிபிக்கு மிகாத ஒரு டிஸ்க் வாங்குங்கள். அதை லேப்டாப்பில் செருகி, டிஸ்க் மேனேஜ்மென்டில் உள்ளே இருக்கும் பகுதிகளை அழித்து, எம்பிஆராக மாற்றி, ஒரே பகுதியாக என்டிஎஃப்எஸ் ஃபார்மட் செய்யுங்கள். பகுதி எதுவும் இல்லாதபோதுதான் எம்பிஆராக மாற்றும் வரி கண்ணில் படும்; அது தெரியாமல் பலர் விட்டுவிடுகிறார்கள். ஃபார்மட்டை எக்ஸ்பியில் செய்யாமல் லேப்டாப்பில் செய்யச் சொல்வதற்கும் காரணம் உண்டு. எக்ஸ்பி முதல் பகுதியை 63வது செக்டரில் தொடங்கும். இன்றைய டிஸ்குகள் உள்ளுக்குள் 4096 பைட் கட்டமாக எழுதுபவை. 63 அந்தக் கட்டத்தில் பொருந்தாது. ஒவ்வொரு எழுத்தும் இரண்டு கட்டத்தில் கால் வைக்கும், டிஸ்க் இழுத்துக்கொண்டு ஓடும். விஸ்டாவுக்குப் பிறகு வந்த விண்டோஸ் 2048வது செக்டரில் தொடங்குகிறது, பொருந்திவிடும். எக்ஸ்பி அதைச் சிரமமில்லாமல் படிக்கும்.

எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு ஃபார்மட் வேண்டாம். கடையில் வாங்கும் பெரிய பென் டிரைவ், டிஸ்க் பல எக்ஸ்ஃபேட்டாக வரும். எக்ஸ்பிக்கு அது புரிய 2009 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஒரு தனி அப்டேட் விட்டது, எண் கேபி955704. அது இல்லாத எக்ஸ்பியில் அந்த டிஸ்கைத் திறந்தால், "ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யட்டுமா?" என்று பணிவாகக் கேட்கும். டிஸ்க் நிறைய டிசைன் இருக்கும், எக்ஸ்பிக்கு மட்டும் அது காலி. யெஸ் அழுத்திவிட்டு என்னிடம் வந்தவர்களை எண்ண இரண்டு கை விரல் போதாது. இந்தக் கேள்வி எந்த டிஸ்குக்கு வந்தாலும் நோ அழுத்திவிட்டு எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

டிஸ்க் மேனேஜ்மென்டில் ஜிபிடி பட்டைக்குப் பதிலாக, டிஸ்க் நலமாக இருக்கிறது என்று தெரிந்து, மை கம்ப்யூட்டரில் மட்டும் இல்லை என்றால் டிரைவ் எழுத்துத் தகராறு (சி, டி, எஃப் என்று வைக்கும் எழுத்து). அட்டை அடிக்கும் கம்ப்யூட்டரின் ஷேர் ஃபோல்டரை 'எஃப்' என்று மேப் செய்து வைத்திருப்பீர்கள். எக்ஸ்பி புது டிஸ்குக்கு எழுத்துக் கொடுக்கும்போது நெட்வொர்க் மேப்பிங்கைப் பார்ப்பதில்லை. அதே 'எஃப்' எழுத்தைக் கொடுத்துவிடும், டிஸ்க் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். வலது கிளிக் செய்து எழுத்தை மாற்றுங்கள். நான் எல்லாக் கடையிலும் 'எஸ்' வைப்பேன், சேலத்துக்கு எஸ் என்று சொல்லிக்கொண்டு; அவ்வளவு தூரம் எந்த மேப்பிங்கும் வராது.

சத்தமும் இல்லை, டிஸ்க் மேனேஜ்மென்டிலும் இல்லை என்றால் இன்னொரு சாத்தியம். வைரஸ் பயத்தில் யாராவது பென் டிரைவைப் பூட்டி வைத்திருப்பார்கள். ஒரு மில் ஆபீஸில் நாள் முழுக்க கேபிள் மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் பார்த்தேன்: விண்டோஸின் அமைப்புகள் எல்லாம் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில், சர்வீசஸ் கீழே யூஎஸ்பிஸ்டார் என்ற இடத்தில் ஸ்டார்ட் என்ற மதிப்பு 4 என்று இருந்தது. 4 என்றால் முடக்கம். 3 ஆக்கியதும் டிஸ்க் வந்தது. மவுஸ், கீபோர்டு எல்லாம் ஓடும், டிஸ்க் மட்டும் வராது என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இனி மின்சாரம். டிரைவரைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் திட்ட வேண்டியது எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது பெட்டிக்குள் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளையை. யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லி ஆம்ப் வரை தருவதாகத்தான் ஒப்பந்தம். இரண்டரை அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடி அதற்கு மேலேயே இழுக்கும். பெட்டியின் முன்பக்கப் போர்ட்டுக்கு உள்ளே மெல்லிய வயர் ஒன்று மதர்போர்டில் இருந்து நீண்டு வரும், அதில் இன்னும் கொஞ்சம் வோல்ட்டேஜ் இறங்கும். டிஸ்கைக் காதருகே வைத்துக் கேளுங்கள். 'உய்ய்' என்று ஒரே சீராக ஏறினால் நல்லது. 'டிக்... உய்... டிக்... உய்' என்றால் பாதியில் மூச்சு வாங்குகிறது. மதர்போர்டிலேயே நேராக இருக்கும் பின்பக்கப் போர்ட்டில், டிஸ்கோடு வந்த குட்டைக் கேபிளிலேயே செருகுங்கள். அதிலும் திணறினால் இரண்டு போர்ட்டில் செருகும் ஒய் கேபிள்.

இது நான் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீஸில் நன்றாகப் பட்ட பாடம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால், மேஜை மேல் எக்ஸ்பி பெட்டி, அதில் கூலிக் கணக்கு, கிலோ கணக்கு. டிஸ்க் செருகினால் 'டிங்-டாங், டிங்-டாங்' என்று வருவதும் போவதுமாக இருந்தது. ரைட்டர், "இது பனிக்காலத்துல மட்டும்தானுங்க இப்படிப் பண்ணுது" என்றார். சிரித்துவிட்டு டார்ச் அடித்து முன்பக்கப் போர்ட்டுக்குள் பார்த்தேன். நாலு பித்தளை நாக்கில் இரண்டில் பாசி பிடித்த மாதிரிப் பச்சை. மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வந்து உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்ததும் பாதி சரியானது. மீதிப் பாதி, எஸ்எம்பிஎஸ்ஸின் நாலு கால் பிளக்கில் சிவப்பு வயருக்கும் கறுப்புக்கும் நடுவே மீட்டர் வைத்தபோது தெரிந்தது: 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 4.71, டிஸ்க் செருகியதும் இன்னும் இறங்கியது. 4.75க்குக் கீழே போனால் யூஎஸ்பி விதியிலேயே அது தோல்விதான். எஸ்எம்பிஎஸ் மாற்றினோம், அடுத்த பனிக்காலத்தில் ரைட்டரிடம் இருந்து போன் வரவில்லை. தறிகளும் பஞ்சிங் மெஷினும் ஓடும் அதே லைனில் உங்கள் கம்ப்யூட்டரும் இருந்தால், யுபிஎஸ் இருக்கிறதா, எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நகல் எடுக்கும் வேகம் நொடிக்கு 1 எம்பிக்கு மேல் ஏறவே இல்லை என்றால் யூஎஸ்பி 2க்கான டிரைவர் இல்லாமல் பழைய 1.1 வேகத்தில் ஓடுகிறது. "இந்தச் சாதனம் இன்னும் வேகமாக இயங்கும்" என்று மூலையில் ஒரு பலூனும் வரும். மதர்போர்டு சிடியில் சிப்செட் டிரைவரைப் போட்டால் தீர்ந்தது.

இப்போது இரண்டாவது கேள்வி, 'ஜெனரிக் வால்யூம்'. இதில்தான் உங்களுக்கு நஷ்டம் வந்திருக்கிறது, இதை நிதானமாகவே சொல்கிறேன்.

அந்தச் செய்தியின் அர்த்தம் ஒன்றுதான்: டிஸ்கில் உள்ள ஏதோ ஒரு ஃபைலையோ ஃபோல்டரையோ ஏதோ ஒரு மென்பொருள் இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறது. யார் பிடித்திருப்பது? எக்ஸ்புளோரர் ஜன்னல் திறந்திருந்தால் அது. வைரஸ் ஸ்கேனர். தேடலுக்காக ஃபைல் பட்டியல் போடும் இண்டெக்ஸிங். இவற்றை எல்லாரும் சொல்வார்கள். உங்கள் கடையில் நான் சந்தேகப்படுவது டிசைன் மென்பொருளையே.

நீங்கள் வழக்கமாகச் செய்வதை யோசித்துப் பாருங்கள். டிஸ்கைச் செருகுவீர்கள். டிசைன் மென்பொருளில் ஓப்பன் கொடுத்து, அந்த டிஸ்கில் உள்ள 'முந்தி' ஃபோல்டருக்குள் போய் ஒரு ஃபைலைத் திறப்பீர்கள். அதை சி டிரைவில் சேவ் செய்துவிட்டு, ஃபைலை மூடிவிடுவீர்கள். இப்போது டிஸ்கில் எதுவும் திறந்திருக்கவில்லை என்று நினைப்பீர்கள். ஆனால் விண்டோஸில் ஓடும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் 'நான் இப்போது நிற்கும் ஃபோல்டர்' என்று ஒன்று உண்டு. ஓப்பன் ஜன்னலில் ஃபைலைத் தேர்ந்ததும் அந்த நிற்கும் இடம் 'முந்தி' ஃபோல்டருக்கு மாறிவிடுகிறது. ஃபைலை மூடினாலும் கால் அங்கேயே இருக்கிறது. வாசற்படியில் ஒருவர் நிற்கும்போது கதவைச் சாத்த முடியுமா? எக்ஸ்பி சாத்த மாட்டேன் என்கிறது.

மென்பொருளை மூடிவிட்டால் கால் எடுபட்டுவிடும். ஆனால் அது பூட்டைத் தேடி, ஃபான்ட் ஏற்றித் திரும்பத் திறப்பதற்குள் பொறுமை போய்விடும் என்பதால் டிசைன் கடைகளில் காலையில் திறந்ததை இரவு வரை மூடுவதே இல்லை. அதனால்தான் உருவி எடுக்கும் பழக்கமே வருகிறது. மூட வேண்டாம். டிஸ்கைக் கழற்றும் முன் அதே மென்பொருளில் சி டிரைவில் இருக்கும் ஏதாவது ஒரு சின்ன டிசைனை ஓப்பன் கொடுத்துத் திறந்துவிடுங்கள், ஒரு ஒற்றைப் புட்டா போதும். நிற்கும் இடம் சி டிரைவுக்கு மாறிவிடும். பிறகு கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள பச்சை அம்பு ஐகானில் நிறுத்துங்கள். பத்துக்கு எட்டு முறை விட்டுவிடும்.

மீதி இரண்டுக்கு இதைச் செய்து வையுங்கள். எக்ஸ்பியின் சிஸ்டம் ரீஸ்டோர், வெளி டிஸ்கையும் உள் டிஸ்க் மாதிரி நினைத்துக் கண்காணிக்கும், அதில் தனக்கு ஒரு மறைவு ஃபோல்டரும் போட்டுக்கொள்ளும். மை கம்ப்யூட்டர் ப்ராப்பர்ட்டீஸில் சிஸ்டம் ரீஸ்டோர் பக்கம் போய் அந்த டிஸ்குக்கு மட்டும் அணைத்துவிடுங்கள். டிஸ்கின் ப்ராப்பர்ட்டீஸில் இண்டெக்ஸிங் டிக்கையும் எடுத்துவிடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ப்ராசஸ் எக்ஸ்புளோரர் என்ற மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவி, எக்ஸ்பியில் ஓடும் பழைய பதிப்பு, ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதன் தேடல் பெட்டியில் டிஸ்கின் எழுத்தைப் போட்டால் யார் பிடித்திருக்கிறார்கள் என்று பெயரோடு காட்டிவிடும். அதற்கும் நேரம் இல்லையா, லாக் ஆஃப் செய்து திரும்ப உள்ளே வாருங்கள். அல்லது ஷட் டவுன். ஷட் டவுன் செய்து கழற்றியதால் யாருக்கும் டிசைன் போனதில்லை.

டிவைஸ் மேனேஜரில் அந்த டிஸ்கைத் திறந்து 'பாலிசீஸ்' பக்கம் ஒருமுறை பாருங்கள். இரண்டு வரி இருக்கும். ஒன்று, வேகமாகக் கழற்ற ஏற்றது. இன்னொன்று, செயல்திறனுக்கு ஏற்றது. எக்ஸ்பி யூஎஸ்பி டிஸ்குக்குத் தானாக வைப்பது முதலாவது. இரண்டாவதை வைத்தால் எழுத வேண்டியதை நினைவகத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு 'எழுதியாச்சு' என்று சொல்லிவிடும், பிறகு நிதானமாக எழுதும். எக்ஸ்பியில் பென் டிரைவை என்டிஎஃப்எஸ் ஃபார்மட் செய்ய இந்த இரண்டாவதை வைத்தால்தான் முடியும் என்பதால், யாராவது டெக்னீஷியன் அந்தப் பழக்கத்தில் உங்கள் டிஸ்குக்கும் மாற்றியிருக்கலாம். முதலாவதற்கே திருப்பிவிடுங்கள். அதற்காக, எழுதும் விளக்கு மினுக்கும்போதே உருவலாம் என்று இல்லை. முதலாவது வரி ஆபத்தின் நேரத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான்.

உருவாமலே, வேலை நடுவில் "டிலேடு ரைட் ஃபெயில்டு" என்று பலூன் வந்திருக்கிறதா? ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவில் 50 என்ற எண்ணோடு அது பதிந்திருக்கும். அப்படி இருந்தால் நீங்கள் உருவியது மட்டும் காரணம் இல்லை, கேபிளும் கரண்டும் சேர்ந்துதான் வேலையைக் கெடுத்திருக்கின்றன. மேலே சொன்ன மீட்டர் வேலையைச் செய்யுங்கள்.

இனி அந்த 11 டிசைன். 500 ஜிபி டிஸ்கை லேப்டாப்பில் செருகி, திறக்கிற எல்லாவற்றையும் முதலில் 4 டிபி டிஸ்குக்கு நகல் எடுங்கள். பிறகு ஏதாவது ஒரு மீட்பு மென்பொருளை ஓடவிட்டு, கிடைப்பதையும் 4 டிபியிலேயே சேருங்கள். அதே டிஸ்கில் திருப்பி எழுதக் கூடாது. இதெல்லாம் முடிந்த பிறகுதான் செக்டிஸ்க், அதாவது விண்டோஸோடு வரும் டிஸ்க் சரிபார்க்கும் கருவி. செக்டிஸ்க் டிஸ்கின் கணக்கை நேர்செய்யும், உங்கள் டிசைனைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. கணக்கில் உதைக்கும் ஃபைலைக் கழித்துக்கட்டிவிட்டுப் போய்விடும். கழித்த துண்டுகளைச் சில சமயம் 'ஃபவுண்ட்' என்று தொடங்கும் மறைவு ஃபோல்டரில் சிஎச்கே என்ற பின்னொட்டோடு போட்டு வைக்கும். நீங்கள் டிசைனை பிஎம்பி படமாகச் சேமிப்பவர் என்றால் இங்கே ஒரு சுலப வழி இருக்கிறது. அந்த சிஎச்கே ஃபைலின் நகலை நோட்பேடில் திறந்தால் குப்பையாகத்தான் தெரியும், ஆனால் முதல் இரண்டு எழுத்தைப் பாருங்கள். பிஎம்பி ஃபைல் எதுவானாலும் ஆங்கில 'பி', 'எம்' என்ற இரண்டு எழுத்தில்தான் தொடங்கும். அப்படி இருந்தால் பின்னொட்டை பிஎம்பி என்று மாற்றித் திறங்கள். மேல்பாதி கறுப்பாகப் போயிருந்தாலும், பார்டர் ஒரு ரிப்பீட் முழுசாகக் கிடைத்தால் உங்களுக்கு அது போதும்தானே.

மூன்றாவது, சாட்டா ராக். உங்கள் நண்பர் சொல்வது பொய் இல்லை. உங்கள் மெஷினுக்குத்தான் பொருந்தாது.

சாட்டா பிளக்கை ஓடும்போதே செருகிக் கழற்றலாம் என்றுதான் வடிவமைத்திருக்கிறார்கள். 15 கால் பவர் பிளக்கைக் கூர்ந்து பார்த்தால் எல்லாக் காலும் ஒரே நீளம் இருக்காது. கிரவுண்ட் முதலில் தொடும்படி நீளமாக இருக்கும். பழைய ஐடிஇ டிஸ்கின் பட்டைக் கேபிளுக்கும் நாலு கால் பவருக்கும் இந்த ஏற்பாடு இல்லை. ஓடும்போது ஐடிஇ டிஸ்கைப் பிடுங்கினால் டிஸ்கோ மதர்போர்டோ போகலாம். அதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

ஆனால் பிளக் இடம் கொடுத்தால் மட்டும் போதாது, டிஸ்க் வந்ததையும் போனதையும் விண்டோஸுக்கு யாராவது சொல்ல வேண்டும். அதைச் சொல்வது ஏஹெச்சிஐ என்ற முறை. எக்ஸ்பி சிடியில் அதற்கு டிரைவர் கிடையாது. அந்தக் காலத்தில் எக்ஸ்பி போடும்போதே எஃப்6 அழுத்தி ஃபிளாப்பியில் இருந்து ஏற்றுவோம். ஃபிளாப்பி தேடுவது சோம்பலாக இருந்ததால் எல்லாருமே பயாஸில் (மெஷின் எழும்பும்போது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அமைப்பில்) ஐடிஇ முறையை வைத்துவிட்டுப் போனார்கள், நான் உட்பட. உங்கள் பெட்டியும் அப்படித்தான் இருக்கும். இப்போது பயாஸில் போய் ஏஹெச்சிஐ என்று மாற்றினால் எக்ஸ்பி எழும்பாது: நீலத் திரை, கடைசியில் 7பி என்று முடியும் எண். பயந்துவிடாமல் பழையபடி ஐடிஇ வைத்தால் எழுந்துவிடும். அந்தக் காலத்தில் நம் ஊரில் அதிகம் விற்ற இன்டெல் 945 போர்டுகள் பலவற்றில் இருந்த சாதாரண ஐசிஹெச்7 சிப்பில் ஏஹெச்சிஐயே கிடையாது, மாற்ற வரிகூட இருக்காது.

ஐடிஇ முறையில் வைத்துக்கொண்டே ராக்கில் டிஸ்க் மாற்றினால் என்ன ஆகும்? பெரும்பாலும் மெஷின் உறைந்து நிற்கும். அது நல்ல விளைவு. கெட்ட விளைவு உறையாமல் ஓடுவது. ஒரு டிஸ்கை எடுத்துவிட்டு அதே மாதிரி இன்னொன்றைச் செருகுகிறீர்கள். மாறியது எக்ஸ்பிக்குத் தெரியாது. முதல் டிஸ்கின் ஃபைல் பட்டியலை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அதை இரண்டாவது டிஸ்கின் மேல் எழுதிவிட வாய்ப்பிருக்கிறது. ஒரே உருவலில் இரண்டு டிஸ்கும் போகும் வழி இது ஒன்றுதான்.

உங்கள் வேலைக்கு யூஎஸ்பியே போதும். ஒரு டிசைன் சில எம்பிதானே. யூஎஸ்பி 2 நொடிக்குச் சுமார் 30 எம்பி தரும். இல்லை, ராக்தான் வேண்டும் என்றால், மதர்போர்டின் போர்ட்டைத் தொடாமல் தனி கார்டு போடுங்கள். சிலிக்கான் இமேஜ் 3132 சிப் உள்ள கார்டுக்கு எக்ஸ்பி டிரைவர் உண்டு, ஓடும்போது கழற்றி மாட்டுவதையும் அது தாங்கும். பிசிஐ எக்ஸ்பிரஸ் சின்ன ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள். எக்ஸ்பி இருக்கும் டிஸ்க் பழைய இடத்திலேயே இருக்கட்டும். கார்டில் முதல் வாரம் காலி டிஸ்க் மட்டும் போட்டு, நகல் எடுத்து, பச்சை அம்பில் நிறுத்தி, எடுத்து, செருகிப் பாருங்கள். பச்சை அம்புப் பட்டியலில் டிஸ்க் வராமல் இருந்தால் அந்த கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பக்கத்துக் கடையில் விண்டோஸ் 98, டாஸ் வைத்து அட்டை அடிப்பவர்கள் இருந்தால் அவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. 98இல் பொதுவான யூஎஸ்பி டிஸ்க் டிரைவரே கிடையாது, ஒவ்வொரு டிஸ்குக்கும் தனி டிரைவர் வேண்டும். டாஸுக்கு யூஎஸ்பி என்றால் என்னவென்றே தெரியாது. பயாஸ் உதவினால், மெஷின் எழும்பும்போதே செருகியிருக்கும் பென் டிரைவ் மட்டும் தெரியலாம், நடுவில் கழற்றக் கூடாது.

500 ஜிபி டிஸ்கை லேப்டாப்பில் போட்டுப் பார்த்துவிட்டு எத்தனை டிசைன் திரும்பியது என்று எழுதுங்கள். 'பி', 'எம்' என்று தொடங்காத சிஎச்கே ஃபைல் இருந்தால் அழித்துவிடாதீர்கள்; நோட்பேடில் அதன் முதல் வரியைப் படம் எடுத்துப் போடுங்கள், என்ன வகை என்று பார்க்கலாம்.